புல்லும் குறிஞ்சியும்

தமிழில் ‘புல்’லோடு ஒட்டியே புன்மையும் புல்லரும் வழங்குகின்றன. நீலக்குறிஞ்சியைப் பாடாத கவிஞர் அரியர். அது மலர்வது அடர்சோலையில் அன்று, மரமற்ற மலைப்புல்வெளியில் என்று எண்ணியவரோ அவரினும் அரியர்.

நீலகிரியிலும் பழனிமலையிலும் அவ்வெளியைத் தரிசெனக் கருதிய ஆங்கில ஆட்சி, 19ஆம் நூற்றாண்டில் ஆஸ்திரேலிய வாட்டில் மரத்தைக் கொணர்ந்தது. ‘சீகை’ என்று மலைமக்கள் கூறுவது அதனையே. தோல் பதனிடும் பட்டைக்காக விடுதலைக்குப் பின்னும் நடவு தொடர்ந்தது. நிழலில் புல் மடிந்தது. வரையாடு மேய்ச்சல் இழந்தது. தோடர் தம் கோயிற்கூரை வேயும் சதுப்புநிலப் புல்லும் அருகிற்று.

சீகையை வெட்டினால் போதாதோ? போதாது. அதன் விதை மண்ணுள் பல்லாண்டு உறங்கும். மரம் வீழ்ந்து வெயில் பட்டதும் திரளாய் முளைக்கும். அவற்றைக் கையால்தான் பிடுங்க வேண்டும். மரம் நடு விழாவுக்கு மேடையும் மாலையும் உண்டு. மரக்கன்று பிடுங்க யார் வருவார்? வருகின்றனர், ஊராரும் தன்னார்வலரும். நாட்டுப்புல் விதையிலிருந்து எளிதில் எழாது. ஆதலின் தூரைப் பிரித்து நாற்றங்காலில் வளர்த்து, மழைக்காலத்தில் நடுகின்றனர். நெல் நடவு போன்றதே, அறுவடைதான் நட்டவர்க்கில்லை.

2018இல் நீலகிரியில் பூத்த குறிஞ்சிக்கு அடுத்த முறை 2030. அதுவரை ஆண்டுதோறும் சீகைக் கன்றுகள் முளைக்கும். ஆண்டுதோறும் அவற்றை வேரோடு பிடுங்க வேண்டும்.