கமலா முன்னே, கனகா பின்னே



நான் படித்தது ஊடகத் துறை டிப்ளோமா, கணினி அன்று. ஆனால், ஒருநாள் பரிசு பெற்ற நேயர்களின் பெயர்களை அகர வரிசையில் வாசிக்கும்போது, கமலாவுக்கு முன்னே கனகா நின்றார். பட்டியலைத் தயாரித்த நிரலர் நண்பரிடம் கேட்டேன்.

ஜாவா மொழியில் 'ட்ரீமேப்' என்றொரு தொகுப்பு உண்டாம். பெயரைத் திறவுகோலாகவும் விவரத்தை மதிப்பாகவும் கொடுத்தால், எப்படிப் போட்டாலும் திறவுகோல்களை வரிசையாகவே வைத்திருக்கும். 10 லட்சம் பெயர்கள் இருந்தாலும் ஏறத்தாழ 40 ஒப்பீடுகளுக்குள் ஒன்றைத் தேடித் தந்துவிடும். ஆனால், நாம் விதி எதுவும் சொல்லாவிட்டால், அது பார்ப்பது எழுத்தின் யூனிகோட் எண்ணை. அந்த அட்டவணையில் 'ந'வை அடுத்தே 'ன' வருகிறது. 'ம' அதற்குப் பிறகுதான். நம் நெடுங்கணக்கிலோ 'ன' கடைசி மெய்!

'கம்பரேட்டர்' எனும் ஒப்பீட்டு விதியை நாமே எழுதிக் கொடுத்தால், தமிழ் முறைப்படி அடுக்கும். அதற்கு வேண்டிய எழுத்து வரிசையை நண்பர் என்னிடம் கேட்டுத்தான் எழுதிக்கொண்டார். கமலா தம் இடத்துக்குத் திரும்பினார்.

நம் பிள்ளைகள் நிரல் எழுதக் கற்கட்டும், நெடுங்கணக்கையும் மறவாதிருக்கட்டும். நாம் சொல்லித் தராத வரிசை கணினிக்கு எப்படித் தெரியும்?