உங்கள் வீட்டில் என்ன இருக்கிறது?

(மஹல்லா இளைஞர்களுக்கான வேலைவாய்ப்பு வழிகாட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் இல்லங்கள் பலவற்றில் அடுப்பெரிவது கடல் கடந்த உழைப்பினால்தான். ஆகவே அங்கே பொருளாதாரம் தளர்ந்தால் இங்கே குடும்பங்கள் தளர்கின்றன. 2008ஆம் ஆண்டின் நிதி நெருக்கடியைத் தொடர்ந்து துபாயில் கட்டுமானப் பணிகள் பல நின்றுபோயின. எண்ணெய் விலைச் சரிவால் 2016இல் சவூதியில் ஆயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளர்கள் ஊதியமின்றித் தவித்தனர். 2020இல் கொரோனா பலரை வெறுங்கையுடன் திருப்பி அனுப்பியது.

அவ்வாறு திரும்பியோரிற் சிலர், "லீவில் வந்திருக்கிறேன்" என்று கூறி வீட்டினுள் முடங்குவதைக் காண்கிறோம். வேலை இழப்பது குற்றமன்று. அதை மறைப்பதே தீங்கு. தேவையை அறியாதவர் எங்ஙனம் உதவ இயலும்?

உதவி கேட்டு வந்த அன்ஸாரித் தோழர் ஒருவரிடம், வீட்டில் என்ன இருக்கிறது என்றே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முதலில் வினவியதாக அபூதாவூத் நூலில் காண்கிறோம். இருந்தவை ஒரு துணியும் ஒரு பாத்திரமுமே. அவற்றை ஏலத்தில் இரண்டு திர்ஹத்திற்கு விற்று, ஒன்றுக்கு உணவும் மற்றொன்றுக்குக் கோடரியும் வாங்கச் செய்தார்கள். தம் திருக்கரத்தாலேயே அதற்குப் பிடி பொருத்திக் கொடுத்து, விறகு வெட்டி விற்கப் பணித்தார்கள். பதினைந்து நாட்களில் அவர் பத்துத் திர்ஹம் ஈட்டினார்.

அதே வினாவை நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். பத்தாண்டுகள் கிடங்குப் பொறுப்பாளராக இருந்தவர், விண்ணப்பத்தில் "பத்தாம் வகுப்பு" என்று மட்டும் எழுதுகிறார். சரக்குக் கணக்கு வைத்ததையும், அரபியும் இந்தியும் பேசுவதையும், கனரக வாகன உரிமத்தையும் எழுத மறக்கிறார். அவரது கோடரி அவை அல்லவா?

ஆகவே முதலில் கைத்திறன்கள் அனைத்தையும் தாளில் எழுதுங்கள். பணியில் இருக்கும்போதே அனுபவச் சான்றிதழைப் பெற்றுவிடுங்கள். நிறுவனம் மூடியபின் கேட்க ஆளிருக்காது. விளம்பரத்திற்குக் காத்திராமல், உங்கள் தொழில் நடைபெறும் இடங்களைப் பட்டியலிட்டு நேரிற் சென்று கேளுங்கள். சென்ற நாளையும் கிடைத்த பதிலையும் குறித்து வைத்து, சில வாரங்கள் கழித்து மீண்டும் செல்லுங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு மையம் நடத்தும் தனியார் துறை முகாம்களைத் தவறவிடாதீர்கள். சிறிய ஊதியமாயினும் ஏற்று, வேலையில் இருந்துகொண்டே மேலானதைத் தேடுங்கள்.

ஓர் எச்சரிக்கை. அவசரத்தில் மனைவியின் நகையை அடகு வைத்து ஏஜெண்டிடம் கொடுத்துவிடாதீர்கள். அவர் அரசிடம் பதிவு பெற்றவரா என்பதை இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். சுற்றுலா விசாவில் வேலைக்குச் செல்லாதீர்கள்.

ஜமாஅத்தார்களுக்கும் கடமையுண்டு. கோடரிக்குப் பிடி பொருத்திய கரத்தை நினையுங்கள். கடையும் பட்டறையும் நடத்துவோர், ஆள் தேவையெனில் முதலில் பள்ளிவாசல் நிர்வாகத்திடம் தெரிவியுங்கள். வேலையின்றி இருக்கும் சகோதரரை, "எப்போது திரும்பிப் போகிறாய்?" என்று கேட்பதை விடுத்து, "உனக்கு என்ன தெரியும்?" என்று கேளுங்கள்.

முயற்சி நம்முடையது, ரிஸ்க் அளிப்பவன் இறைவன். நம் அனைவருக்கும் ஹலாலான வாழ்வாதாரத்தை அவன் விசாலமாக்குவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.