ஒரு பலகை, இரண்டு குமிழ்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



ஐந்து நிமிடத்தில் முடிக்கும்படி செயலாளர் சொல்லியிருக்கிறார். நான் பேசப்போவது கோலிக்குண்டைப் பற்றி. சிரிக்க வேண்டாம், நம் சங்கத்தின் பணம் இதில் சம்பந்தப்பட்டிருக்கிறது.

நம்மில் கோலி ஆடாதவர் யார்? தோற்றவன் கைமுட்டியால் குண்டைத் தள்ளிக்கொண்டே குழிவரை போகணும். முன்வரிசையில் சிலர் முட்டியைத் தடவிப் பார்ப்பது தெரிகிறது! பல்லாங்குழியும் அப்படித்தான்: 14 குழியில் யார் அதிகம் அள்ளுவது என்பதே ஆட்டம். நல்ல ஆட்டங்கள்தான். கூப்பிட்டால் இன்றைக்கும் உட்கார்ந்துவிடுவேன்.

நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காகத்தான் நான் முதன்முதலில் பச்சைமலை ஏறினேன். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் மறுபடி போகத் தொடங்கினேன். துறையூரைத் தாண்டி, செங்காட்டுப்பட்டியிலிருந்து மேலே ஏறினால் தென்பரநாடு, வண்ணாடு என்று மலையாளி மக்களின் ஊர்கள் சிதறிக் கிடக்கும். மரவள்ளிக் காடும் பலாமரமுமாக இருக்கும். மாலை வகுப்புக்கு ஒரே அறையில் நாலைந்து ஊர்ப் பிள்ளைகள், ஆறு வயதிலிருந்து பதின்மூன்று வரை. வாசலில் கோலி ஆடினால் குண்டெல்லாம் இரண்டு பெரிய பையன்களின் டிராயர் பையில்தான். சின்னதுகள் வேடிக்கை பார்க்கும். பெண்பிள்ளைகள் கிட்டேயே வரமாட்டார்கள்.

சுவீடன் நாட்டின் பிரியோ கம்பெனி 1946-இல் ஒரு விளையாட்டுப் பெட்டி கொண்டுவந்தது. பெட்டியின் மேலே ஒரு பலகை. அதில் வழியைக் காட்டும் கோடு, சிறு தடுப்புகள், வழி நெடுக ஓட்டைகள். ஒரு குமிழைத் திருகினால் பலகை இடம் வலமாகச் சாயும், இன்னொன்றைத் திருகினால் முன் பின்னாகச் சாயும். குண்டு ஓட்டையில் விழாமல் கடைசிவரை போகணும். ஒருவரே இரண்டு கையாலும் ஆடுவது அது. துறையூர்த் தச்சர் ஒருவர் பிளைவுட்டில் அதே மாதிரி செய்து கொடுத்தார். நாங்கள் செய்த மாற்றம் ஒன்றுதான்: ஆளுக்கு ஒரு குமிழ். குண்டு விழுந்தால் இருவரும் இடம் மாறி உட்காரணும். "நீதான் விட்டே" என்று சண்டை போட அதற்குமேல் வழியில்லை.

இயற்பியல் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. சரிவில் உருளும் கெட்டிக் குண்டின் முடுக்கம், உராய்வின்றி வழுக்கும் பொருளுக்கு உள்ளதில் 5/7 பங்கு. குண்டு பெரிசா சிறிசா என்பது கணக்கில் வராது. ஆகவே பெரிய குண்டு வேணும் என்று அடம்பிடிப்பதில் லாபமில்லை. இதைப் பிள்ளைகள் சூத்திரம் இல்லாமலே கண்டுபிடித்துவிட்டார்கள்.

குண்டெல்லாம் ஜெயிக்கும் எட்டாம் வகுப்புப் பையனும், வகுப்பில் வாயே திறக்காத மூன்றாம் வகுப்புப் பெண்ணும் ஒரு நாள் ஜோடி சேர்ந்தார்கள். அவன் வெடுக்கென்று திருகுவான், மூன்றாவது ஓட்டையிலேயே குண்டு விழும். இரண்டு மாலை இப்படியே போனது. மூன்றாம் நாள் அவள், "அண்ணா, நான் நிறுத்துன்னு சொன்னா நிறுத்துங்கண்ணா" என்றாள். எனக்கு அவள் குரல் அன்றைக்குத்தான் தெரியும். அவன் முறைத்தான், ஆனால் நிறுத்தினான். பதினொன்றாம் ஓட்டைவரை போனார்கள். அறை முழுக்க ஒரே கத்தல். பிறகு அவள் பாடத்திலும் சந்தேகம் கேட்க ஆரம்பித்தாள். பலகையால்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன், வயதும் காரணமாயிருக்கலாம்.

இந்த ஆண்டு அந்தப் பிள்ளைகளுக்குப் போட்டிகள் நடத்தி, சுழற்கோப்பை வழங்கலாம் என்று சங்கத்தில் ஒரு யோசனை இருக்கிறது. நோக்கம் நல்லது, சந்தேகமில்லை. ஆனால் கோப்பை யார் வீட்டுக்குப் போகும் என்று எனக்கு இப்போதே தெரியும், பிள்ளைகளுக்கும் தெரியும். அந்தத் தொகையைப் பலகைகளாக மாற்றித் தாருங்கள் என்பதே என் விண்ணப்பம். இருப்பது ஒரே பலகை, வரிசையில் இருபது பேர் நிற்கிறார்கள்.

இந்நாள் மாணவர்களே, முகாமுக்கு வரும்போது பிளைவுட் துண்டு, ரம்பம், உப்புத்தாள் கொண்டு வாருங்கள். ஓட்டை குண்டைவிடச் சற்றே பெரிசாக இருக்கணும், விளிம்பை நன்றாகத் தேய்க்கணும். குண்டு வாங்க வேண்டாம், அந்தப் பையனிடமே நிறைய இருக்கிறது.