அடைப்பு கரையாது, ஆனாலும் நடக்கணும்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



இதய நோயைப் பற்றிப் பேச இன்ஜினியருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் மனப்பாடம் செய்த பாய்சொய் விதி ஞாபகம் இருக்கிறதா? அந்த பாய்சொய் மருத்துவம் படித்த பிரெஞ்சுக்காரர். ரத்த ஓட்டத்தைப் புரிந்துகொள்ளத்தான் கண்ணாடிக் குழாய்களில் தண்ணீரை ஓடவிட்டுப் பார்த்தார். அவர் நம்ம பக்கம் வந்தார்; நான் கொஞ்சம் அந்தப் பக்கம் போகிறேன், அவ்வளவுதான்.

அவர் விதிப்படி, குழாயின் உள்விட்டம் 10 சதவீதம் கூடினால் அதே அழுத்தத்தில் ஓட்டம் 46 சதவீதம் கூடும். ஆகவே ரத்தக்குழாய் கொஞ்சம் விரிந்தாலும் இதயத்துக்கு அது பெரிய விஷயம்.

விரிய வைப்பது எது? ஜி.ஐ. பைப்புக்கும் ரத்தக்குழாய்க்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். அதன் உள்சுவரில் எண்டோதீலியம் என்று ஒரே செல் கனத்தில் ஒரு படலம் உண்டு. ரத்தம் வேகமாக உரசிக்கொண்டு ஓடும்போது, ஷியர் ஸ்ட்ரெஸ் என்கிறோமே, அதை இந்தப் படலம் உணர்ந்து நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை வெளிவிடுகிறது. சுவரிலுள்ள தசை தளர்கிறது, குழாய் விரிகிறது. இது சம்பந்தமான கண்டுபிடிப்புக்கு 1998-ல் மூன்று அமெரிக்கர்கள் நோபல் பரிசு பெற்றார்கள். நெஞ்சுவலி வந்தால் பெரியவர்கள் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையும் இதே வாயுவைத்தான் உடம்புக்குள் தருகிறது.

வயசாக ஆக இந்தச் சுரப்பு குறைகிறது. சர்க்கரை, புகை எல்லாம் அதை இன்னும் கெடுக்கின்றன. அந்த நேரம் பார்த்து நம் வீடுகளில், "அப்பாவுக்கு ஹார்ட் பிராப்ளம், ஒரு வேலையும் செய்ய விடாதீங்க" என்று ஈஸிசேரில் உட்கார வைத்துவிடுகிறோம். பாசம்தான். ஆனால் உட்கார்ந்தே இருப்பவரின் குழாய்களில் அந்த உரசல் குறைவு. படலம் இன்னும் சோம்பிப்போகும்.

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ரைனர் ஹாம்ப்ரெக்ட் குழுவினர், நான்கு வாரப் பயிற்சியிலேயே நோயாளிகளின் இதயக் குழாய்கள் தப்பாகச் சுருங்கிக்கொள்வது ஏறக்குறைய பாதியாகக் குறைந்ததை 2000-ல் காட்டினார்கள். 2004-ல் இன்னும் துணிச்சலான ஆய்வு ஒன்று வெளிவந்தது. அடைப்பு இருந்தும் நிலைமை கட்டுக்குள் இருந்த, 70 வயது வரையிலான 101 ஆண்கள். பாதிப் பேருக்கு ஆஞ்சியோபிளாஸ்டி, ஸ்டென்ட். மீதிப் பேருக்கு தினம் 20 நிமிடம் உடற்பயிற்சி சைக்கிள். ஓராண்டில் புதிய இதயச் சிக்கல் எதுவும் வராதவர்கள் ஸ்டென்ட் குழுவில் 70 சதவீதம், சைக்கிள் குழுவில் 88 சதவீதம்!

சின்ன ஆய்வுதான், பெண்களும் இல்லை. ஹார்ட் அட்டாக்கில் துடிப்பவரை சைக்கிளில் ஏற்றச் சொல்லவில்லை. அங்கே ஆஞ்சியோபிளாஸ்டிதான் உயிரைக் காக்கும். "வாக்கிங் போனா அடைப்பு கரைஞ்சிடும்" என்று பார்க் பெஞ்சில் சொல்வதையும் நம்ப வேண்டாம். அடைப்பு பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். மாறுவது குழாய் வேலை செய்யும் விதம்.

இன்னொன்று. இதயத் தசைக்கு ரத்தம் கிடைப்பது பெரும்பாலும் அது தளரும்போது. பயிற்சியால் ஓய்வு நேர நாடித்துடிப்பு குறைந்தால் தளரும் நேரம் நீள்கிறது. டியூட்டி சைக்கிள் கணக்கு. எலக்ட்ரிக்கல் நண்பர்களுக்குச் சட்டென்று புரியும்.

எவ்வளவு வேகம் என்பதை டிரெட்மில் டெஸ்ட் பார்த்து டாக்டர் சொல்லட்டும். சும்மா இருக்கும்போதே வலி வருகிறவர் நடக்கவே கூடாது, ஆஸ்பத்திரிக்குப் போகணும். மற்றவர்கள் 10 நிமிடத்தில் தொடங்கலாம். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். சட்டைப் பையில் மாத்திரை இருக்கட்டும். நடையை விட்டுவிட்டால் கிடைத்த பலன் சில வாரங்களில் போய்விடும், மாத்திரையை நிறுத்தின மாதிரிதான்.

நாளைக் காலை 6 மணிக்கு நம் காலேஜ் கிரவுண்டில் இருப்பேன். டாக்டர் அனுமதி உள்ள சீனியர்கள் வாருங்கள். ஹாஸ்டல் தம்பிகள் யாராவது எழுந்திருந்தால், அவர்களோடு கூட நடக்கட்டும்.