உயிர் தப்பி வந்தவருக்குச் சிறையா?



2022 மார்ச் மாதம். தனுஷ்கோடி அரிச்சல்முனைக்கு அப்பால் நான்காம் மணல்திட்டு. அங்கே இறக்கிவிட்ட படகு திரும்பிப் போய்விட்டது. ஒதுங்க நிழல் இல்லை. நடுக்கடலில் நின்றவர்கள் யார்? ஆயுதம் கடத்த வந்தவர்களா? இல்லை, கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற ஈழத்துத் தாய்! இலங்கையில் பால்மாவுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. அந்தப் பஞ்சத்துக்குப் பயந்து வந்தவள். கடலோரக் காவல்படை காப்பாற்றியது, கையெடுத்துக் கும்பிடுகிறோம். ஆனால் கரையில் காத்திருந்தது என்ன? வழக்கு! ராமேஸ்வரம் நீதிமன்றம்! புழல் சிறை! பிறகுதான் ஜாமீனும் மண்டபம் அகதிகள் முகாமும்.

இப்போது 1946ஆம் ஆண்டின் வெளிநாட்டினர் சட்டம் போய், 2025இல் புதுச் சட்டம் வந்திருக்கிறது. பாஸ்போர்ட், விசா இல்லாமல் நுழைந்தால் 5 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம். கூடவே ஒரு விலக்கு ஆணை. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த இந்து, சீக்கியர், பௌத்தர், சமணர், பார்சி, கிறிஸ்தவருக்கு, 2024 டிசம்பர் 31 வரை வந்திருந்தால் மன்னிப்பு. நல்லது, வாழட்டும்! ஈழத் தமிழருக்கு? 2015 ஜனவரி 9க்குள் வந்து, பதிவும் செய்திருந்தால்தான்!

கேட்கிறேன், ஏன் இந்தப் பத்தாண்டு வஞ்சனை? வாகா வழியாக வந்தால் அடைக்கலம், பாக் நீரிணை வழியாக வந்தால் குற்றமா? 2022இல் பசியோடு வந்த அந்தத் தாய், இந்தக் கணக்கில் எங்கே நிற்கிறாள்? விலக்குக்கு வெளியே!

“எல்லைக்குக் காவல் வேண்டாமா?” என்பார்கள். வேண்டும். ஆளுக்கு இவ்வளவு என்று காசு வாங்கி நடுக்கடலில் தள்ளிவிட்டுப் போகிறானே, அவனைப் பிடியுங்கள், தண்டியுங்கள்! தள்ளிவிடப்பட்டவரைக் கூண்டில் ஏற்றாதீர்கள். ஆபத்திலிருந்து நேரே ஓடிவந்த அகதியை, அனுமதியின்றி நுழைந்ததற்காகத் தண்டிக்கக் கூடாது என்கிறது 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை. அதில் இந்தியா இன்றுவரை கையெழுத்திடவில்லை.

இந்தப் பத்தாண்டு வஞ்சனையைத் திருத்த நாடாளுமன்றத்தைக் கூட்ட வேண்டியதில்லை. விலக்கு ஆணையில் எழுதிய தேதியை ஆணையாலேயே மாற்றலாம். ஒன்றிய அரசே, 2015ஐ அடித்துவிட்டு 2024 என்று எழுது! அடைக்கலம் தேடி வந்தவர் மீதுள்ள வழக்குகளைத் திரும்பப் பெறு! அதுவரை இந்த மேடை ஓயாது.