அரசு வக்கீலின் கையொப்பம்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கொலை, கொள்ளை முதலிய பெருங்குற்ற வழக்குகளைச் செஷன்ஸ் நீதிமன்றத்தில் நடத்துபவர் அரசு வக்கீல். சர்க்கார் அவரை நியமிக்கிறது. சர்க்காரே ஊதியம் தருகிறது. ஆகவே, சர்க்கார் சொன்னதைச் சொல்வதே அவர் தொழில் என்று நம்மில் பலர் எண்ணுகின்றோம். அவ்வெண்ணம் பிழை என்று நாட்டுக்கு உணர்த்திய வழக்கு, நாம் கூடியிருக்கும் இந்த மண்டி மொஹல்லாவைத் தன்னகத்தே கொண்ட மைசூர் நகரிலேதான் பிறந்தது.

2000ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் இரவு, தாளவாடியை அடுத்த காஜனூரில் நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்திச் சென்றான். அந்நாட்களில் கர்நாடகத் தமிழ்க் குடும்பங்கள் எவ்வளவு கலங்கியிருந்தன என்பதை உங்களுக்கு நான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. தடாச் சட்டத்தின்கீழ் மைசூர்ச் சிறையில் இருந்த தன் கூட்டாளிகளை விடுவிக்க வேண்டும் என்பது அவன் கோரிக்கைகளுள் ஒன்று. சர்க்கார் இணங்கியது. சிறப்பு அரசு வக்கீல், தடாக் குற்றச்சாட்டுகளைக் கைவிட அனுமதி வேண்டி மைசூர்த் தடா நீதிமன்றத்தில் மனுச் செய்தார், நீதிமன்றமும் இசைந்தது. சர்க்காரின் அச்சம் பொய்யென்று நான் கூறேன். ஓர் உயிரும் இரு மாநிலங்களின் அமைதியும் ஊசலாடிய வேளை அது.

அப்பொழுது ஒரு தந்தை எழுந்தார். அவர் பெயர் அப்துல் கரீம். அவருடைய மைந்தர், சப் இன்ஸ்பெக்டர் ஷகீல் அகமது, 1992 ஆகஸ்டில் வீரப்பன் கூட்டத்தாரால் கொல்லப்பட்டவர். மகனை இழந்தவர் சுப்ரீம் கோர்ட்டின் கதவைத் தட்டினார். நீதிபதி பரூச்சா தலைமையில் அமர்ந்த மூவர், 2000 நவம்பர் 7இல் அந்த அனுமதியை நீக்கினர். வழக்கைத் திரும்பப் பெறும் அதிகாரத்தைக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 321ஆம் பிரிவு அரசு வக்கீலிடமே ஒப்படைத்திருந்தது. சர்க்கார் யோசனை கூறலாம். ஆனால் ஆவணங்களைத் தாமே ஆராய்ந்து, பொதுநலம் இன்னதென நன்னம்பிக்கையுடன் தாமே முடிவு செய்த பின்னரே அவர் கையொப்பமிட வேண்டும். இவ்வழக்கில் அது நடைபெறவில்லை என்பதே தீர்ப்பின் சாரம்.

எட்டு நாட்கள் சென்று, நவம்பர் 15இல், ராஜ்குமார் விடுதலையானார். பேரம் முறிந்தால் அவர் உயிர் போய்விடும் என்று அஞ்சியவர்கள் எத்தனை பேர்!

2024 ஜூலை 1 முதல் பழைய நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துள்ளது. பாதிக்கப்பட்டவருக்குத் தம் கருத்தைக் கூற வாய்ப்பளிக்காமல் வழக்கைத் திரும்பப் பெற எந்த நீதிமன்றமும் அனுமதிக்கலாகாது என்று அதன் 360ஆம் பிரிவு விதிக்கிறது. அன்று அப்துல் கரீம் தில்லிவரை சென்று பெற்ற செவி, இன்று விசாரணை நீதிமன்றத்திலேயே கிடைக்கும்.

இன்னுமொன்று. தடா வழக்குகளின் விசாரணை மைசூரில் தொடர்ந்தது. 2001இல் தீர்ப்பு வந்தபோது, சிலர் தண்டனை பெற்றனர். ஆண்டுக்கணக்கில் சிறையில் வாடியிருந்த ஏனைய பெரும்பாலோரை, குற்றம் மெய்ப்பிக்கப்படவில்லை என்று நீதிமன்றமே விடுவித்தது. அவர்கள் எவருடைய பேரத்தினாலும் வெளிவரவில்லை.