குற்றவியல் என்னும் ஆராய்ச்சி

ஓரிடத்தில் களவு நிகழ்ந்தால், "செய்தவர் யார்?" என்று கேட்கிறார் காவலர். "இதற்குரிய தண்டனை யாது?" என்று ஆராய்கிறார் நீதிபதி. இவ்விரண்டுக்கும் அப்பால், "இது ஏன் நிகழ்ந்தது?" என்றொரு கேள்வி உண்டு. அக்கேள்வியிலிருந்து பிறந்ததே குற்றவியல். குற்றத்தின் காரணம், குற்றம் புரிந்தவரின் வாழ்க்கை, தீங்குற்றவரின் நிலை, தண்டனையின் பயன், சட்டம் பிறந்த விதம் ஆகிய யாவும் அதன் எல்லைக்குள் அடங்கும். இறுதியாகக் கூறியதை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம். மதுரைச் சீமையைச் சேர்ந்த நான் அதை மறத்தல் இயலாது.

இத்தாலி நாட்டு மருத்துவர் லொம்ப்ரோஸோ 1876இல் ஒரு நூல் வெளியிட்டார். மண்டையோடு, தாடை முதலியவற்றின் அமைப்பைக் கொண்டே பிறவிக் குற்றவாளியை அறியலாம் என்பது அவர் கொள்கை. ஆங்கில மருத்துவர் கோரிங் ஏறத்தாழ 3,000 கைதிகளை அளந்து பார்த்தார். குற்றவாளிக்கென்று தனி உருவம் இல்லை என்று 1913இல் எழுதினார். இவ்வாறு ஆராய்ச்சி தன் பிழையைத் தானே திருத்திக்கொண்டது.

சட்டமோ திருந்தவில்லை. வடஇந்தியாவில் 1871இல் தோன்றிய குற்றப் பரம்பரைச் சட்டம், 1911இல் புதிதாக இயற்றப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மதுரைக்கு மேற்கே வாழ்ந்த பிறமலைக் கள்ளர்மீது அது பாய்ந்தது. ஊர்க்காவல் புரிந்து கூலி பெற்றவர்கள் அவர்கள். ஆங்கிலேயர் ஆட்சியில் அக்காவல் முறை ஒடுக்கப்பட்டது. வானம் பார்த்த நிலமோ எல்லோருக்கும் சோறிடவில்லை. குற்றவியல் கற்றவர் முதலில் ஆராய்ந்திருக்க வேண்டியது இதனையே. அரசு ஆராய்ந்ததோ பிறப்பை. ஆடவரின் கைரேகை பதியப்பட்டது. இரவில் காவல் நிலையம் சென்று தங்க வேண்டும் என்ற கட்டுப்பாடும் வந்தது. களவே அறியாத உழவனும் இதற்குத் தப்பவில்லை.

1920 ஏப்ரல் 3ஆம் நாள், உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள பெருங்காமநல்லூர் மக்கள் கைரேகை பதிய மறுத்தனர். போலீசார் சுட்டனர், மாயக்காள் என்னும் பெண் உட்படப் பதினாறு பேர் உயிரிழந்தனர். அம்மக்களுக்காகப் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப் வாதாடினார். பின்னர் முத்துராமலிங்கத் தேவர் போராடினார். சென்னை மாகாணத்தில் 1947இலும், நாடு முழுவதும் 1952இலும் அச்சட்டம் நீங்கியது. எனினும், பிறந்த குலத்தைக் கேட்டவுடன் ஐயுறும் மனப்பான்மை சட்டத்தோடு நீங்கிவிட்டதென்று சொல்வதற்கில்லை.

ஆராயாது தீர்ப்பளித்த பாண்டியன், பிழை தெளிந்தபோது உயிர் துறந்தான் என்று சிலப்பதிகாரம் கூறும். அது நிகழ்ந்ததும் இதே மதுரையில்தான். ஆகவே, குற்றம் சாட்டப்பட்டவரை ஆராய்வதோடு, குற்றம் சாட்டும் சட்டத்தையும் ஆராய்வதே குற்றவியலின் முழுமை என்று நான் கருதுகிறேன்.